ஆரஞ்சு மரச் சதுக்கமும் இரு அப்போஸ்தலரும்

ஸ்பெயின் நாட்டின் தென்கரையில், மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள மார்பெய்யா, இன்று உல்லாசப் பயணிகள் திரளும் நகரம். கடற்கரை நெடுகிலும் விடுதிகள் உயர்ந்து நிற்கின்றன. ஆயினும் கடலை விட்டுச் சிறிது தூரம் உள்ளே நடந்தால், வெள்ளையடித்த வீடுகளுக்கிடையே வளைந்து செல்லும் குறுகிய சந்துகளை நாம் காண்கிறோம். அவற்றுள் ஒன்று எதிர்பாராத வகையில் நம்மை ஒரு திறந்த வெளியில் கொண்டுபோய் விடுகிறது. 'பிளாசா தே லோஸ் நரான்ஹோஸ்', அதாவது ஆரஞ்சு மரச் சதுக்கம், என்பது அதன் பெயர். நடுவே 1504ஆம் ஆண்டைச் சேர்ந்த கல் நீரூற்று. சுற்றிலும் ஆரஞ்சு மரங்கள். மர நிழலில் உணவு மேசைகள். வந்தவர் அமர்கின்றனர், உண்கின்றனர், படம் எடுத்துக்கொண்டு போகின்றனர்.

நாமும் அந்நிழலில் சிறிது நேரம் அமர்ந்தோம். ஆனால் திருச்சபை வரலாற்றைக் கற்போருக்கு இச்சதுக்கம் இளைப்பாறும் இடம் மட்டுமன்று. எழுத்தில்லாத ஓர் ஆவணம் என்றே இதனைக் கூறலாம். ஒரு கிறிஸ்தவ அரசு ஓர் ஊரை வென்றபின் அங்கே என்ன செய்தது, எதை இழந்தது என்பதை இதன் கற்கள் சொல்லுகின்றன.

சதுக்கம் பிறந்த வகை

இஸ்லாமியர் ஆட்சியில் மார்பெய்யா மதிலும் கோட்டையும் உடைய சிறு நகராயிருந்தது. அக்கோட்டை மதிலின் எச்சங்கள் இன்றும் உள்ளன. உரோமர் காலத்துத் தூண் தலைப்புகள் சில அம்மதிலில் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் அரசும் முன்னையதன் கல்லை எடுத்தே தன் சுவரைக் கட்டியிருக்கிறது.

1485ஆம் ஆண்டு மே மாதத்தில், மலைமேல் உள்ள ரோந்தா நகர் அரசர் பெர்தினாந்தின் படைக்கு வீழ்ந்தது. அதைக் கண்ட மார்பெய்யா போரிடாமலே ஜூன் 11ஆம் நாள் பணிந்தது. இரண்டாண்டுகளுக்குப்பின் முற்றுகையை எதிர்த்து நின்ற மாலகா நகர மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர். அவ்வளவு கொடுமை மார்பெய்யாவுக்கு நேரவில்லை. எனினும் பழைய குடிகள் நகரைவிட்டு வெளியேற, அவர்களுடைய வீடுகளும் நிலங்களும் புதிதாக வந்த கிறிஸ்தவக் குடியேறிகளுக்குப் பங்கிடப்பட்டன. மசூதி இருந்த இடத்தில் ஆலயம் எழுந்தது.

இஸ்லாமிய நகரின் நெருக்கமான வீடுகளை அகற்றி, சந்தைக்கும் ஆட்சிக்கும் நீதிக்கும் உரிய பொதுவெளியாக உண்டாக்கப்பட்டதே இச்சதுக்கம். ஒருபுறம் 1552ஆம் ஆண்டைச் சேர்ந்த கொரெஹிதோர் மாளிகை. கொரெஹிதோர் என்பவர் அரசரின் பிரதிநிதியான நகர அதிகாரி. மற்றொருபுறம் 1568ஆம் ஆண்டில் எழுந்த நகர மன்றம். ஒரு மூலையில் சந்தியாகோ சிற்றாலயம். வெற்றிக்குப்பின் இந்நகரில் எழுந்த முதல் கிறிஸ்தவ ஆலயம் இதுவே. சதுக்கத்தின் கோட்டிற்கு இணங்காமல் இது சற்றுக் கோணலாக நிற்கிறது. காரணம், சதுக்கம் வருமுன்னரே இது இருந்தது. பழைய ஊரின் தெருக்கள் எத்திசையில் ஓடின என்பதற்கு அக்கோணலே இன்று சாட்சி.

இதற்கு முன்னும் ஒரு திருச்சபை

சந்தியாகோ சிற்றாலயத்தோடுதான் இக்கரையில் கிறிஸ்தவம் தொடங்கியது என்று எண்ணிவிடலாகாது. இதே நகராட்சி எல்லைக்குள், சான் பெத்ரோ கடற்கரையை அடுத்து, 'வேகா தெல் மார்' என்னுமிடத்தில் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் ஆலயத்தின் அடித்தளம் அகழ்ந்து காணப்பட்டுள்ளது. எதிரெதிரான இரு அரைவட்ட முகப்புகளை உடையது அவ்வாலயம். அதைச் சுற்றிலும் ஏறக்குறைய இருநூறு கல்லறைகள் உள்ளன. உள்ளே ஆழமான ஞானஸ்நானத் தொட்டி ஒன்று இருக்கிறது.

அத்தொட்டியின் ஆழம் நம் சிந்தனைக்குரியது. மூழ்கி எழுவதற்கென்று அது வெட்டப்பட்டது. ஆதித் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற விரும்பியோர் நீண்ட நாள் உபதேசம் பெற்று, தம் விருப்பத்தைத் தம் வாயால் அறிக்கையிட்டபின் தண்ணீருக்குள் இறங்கினர். ஒருவர் தாமாக இறங்கினாலன்றி அத்தொட்டிக்குப் பொருளில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்குப்பின் இதே தென்னாட்டில் வேறொரு வகையான ஞானஸ்நானம் வழங்கப்பட்டது.

தலவேராவும் சிஸ்நேரோஸும்

1492ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் கிரனாதா நகர் சரணடைந்தது. இஸ்லாமியர் தம் மார்க்கத்தையும் வழக்குகளையும் காத்துக்கொள்ளலாம் என்று உடன்படிக்கை உறுதி கூறியது. அந்நகரின் முதல் பேராயரான எர்நாந்தோ தே தலவேரா பொறுமையே அருட்பணியின் வழியென்று கருதினார். முதிர்ந்த வயதில் அரபு மொழி கற்க முயன்றார். தம் குருமாரையும் கற்கத் தூண்டினார். பெத்ரோ தே அல்காலா என்னும் துறவி எழுதிய அரபு இலக்கணமும் சொற்றொகுதியும் இம்முயற்சியின் கனிகளாக 1505இல் கிரனாதாவில் அச்சேறின.

ஆனால் பலன் தாமதிப்பதை அரசு பொறுக்கவில்லை. 1499இல் தொலேதோவின் பேராயர் சிஸ்நேரோஸ் கிரனாதாவுக்கு வந்தார். பரிசுகளாலும் சிறையாலும் மக்கள் ஞானஸ்நானத்துக்குத் தள்ளப்பட்டனர். திரள்திரளாய் நின்றவர்கள்மேல் தண்ணீர் தெளிக்கப்பட்டது. கிரனாதாவின் பீப்-ரம்பிளா சதுக்கத்தில் அரபு நூல்கள் எரிந்தன. மருத்துவ நூல்கள் மட்டும் தப்பின. மக்கள் கிளர்ந்தெழவே, உடன்படிக்கை முறிந்தது என்று அரசு அறிவித்தது. 1502இல் கஸ்தீலிய நாடு முழுவதற்கும் கட்டளை பிறந்தது: ஞானஸ்நானம், அல்லது நாடு கடத்தல். தலவேராவோ தம் இறுதி நாட்களில் சமய விசாரணை மன்றத்தின் குற்றச்சாட்டுக்கு ஆளாகி, 1507இல் காலமானார்.

இவ்வாறு ஞானஸ்நானம் பெற்றவர்களே மொரிஸ்கோக்கள் எனப்பட்டனர். பெயரளவில் திருச்சபையின் அங்கங்கள். ஆயினும் திருச்சபை அவர்களை ஒருபோதும் நம்பவில்லை. கட்டாயத்தால் சேர்த்தவர்களைச் சந்தேகத்தாலன்றி வேறெதனாலும் காக்க முடியாது என்பதை இங்கே காண்கிறோம்.

1568 என்னும் ஆண்டு

1567ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரண்டாம் பிலிப்பின் ஆணை வெளியாயிற்று. மொரிஸ்கோக்கள் மூன்றாண்டுகளுக்குள் அரபு மொழியைக் கைவிட வேண்டும். அவர்களுடைய உடை, பெயர், குளியலறை யாவும் விலக்கப்பட்டன. அவர்களுள் முதியவரான பிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலேய் ஒரு விண்ணப்பம் எழுதினார். உடையும் மொழியும் மார்க்கம் அல்ல. கீழ்நாட்டுக் கிறிஸ்தவரும் மால்த்தா தீவினரும் அரபு பேசிக்கொண்டே கிறிஸ்தவராயிருக்கின்றனரே என்பது அவருடைய வாதத்தின் சாரம். சுவிசேஷமும் பண்பாடும் பற்றி இன்று நாம் வகுப்பறையில் நடத்தும் விவாதத்தை, தம் மக்களின் உயிர் ஊசலாடிய வேளையில் அவர் நடத்தினார். அவ்விண்ணப்பம் பயனளிக்கவில்லை.

1568ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் அல்புஹாரா மலைநாட்டில் கலகம் மூண்டது. அது முடிந்து புத்தாண்டு பிறந்த நாட்களில், மார்பெய்யாவுக்கு வடக்கே உள்ள இஸ்தான் என்னும் மலைக்கிராமமும் கிளர்ந்தெழுந்தது. சதுக்கத்தில் நகர மன்றம் எழுந்த ஆண்டும் இதுவே என்பதை மறவோமாக. இருதரப்பிலும் கொடுமை நிகழ்ந்தது, குருமாரும் கொல்லப்பட்டனர். 1571க்குள் கலகம் அடக்கப்பட்டது. ஏறக்குறைய 80,000 மொரிஸ்கோக்கள் கிரனாதா நாட்டிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு வேற்று மாகாணங்களில் சிதறடிக்கப்பட்டனர். இறுதியில், 1609 முதல் 1614 வரை, ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் ஸ்பெயினிலிருந்தே துரத்தப்பட்டனர். ஞானஸ்நானம் பெற்ற மக்களைக் கிறிஸ்தவ அரசு ஒன்று கப்பலேற்றி அனுப்பியது.

இதே ஆண்டுகளில் ஸ்பெயினின் சீர்திருத்தக் கிறிஸ்தவரும் அழிக்கப்பட்டனர். 1559இல் வல்யதோலித் நகரின் பெரிய சதுக்கத்தில், மக்கள் திரளுக்கு முன்பாக அவர்கள்மேல் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. செவில்யாவின் துறவியான காசியோதோரோ தே ரேய்னா 1557இல் தப்பியோடியவர். அவர் மொழிபெயர்த்த முழு ஸ்பானிய வேதாகமம் 1569இல், அயல்நாடான பாசலில் அச்சிடப்பட்டது. மொரிஸ்கோவுக்கு அவன் மொழி மறுக்கப்பட்ட அதே காலத்தில், ஸ்பானியனுக்கும் அவன் மொழியில் வேதம் மறுக்கப்பட்டிருந்தது.

ஆயினும் நாம் பெருமை பாராட்டுவதற்கில்லை. சேர்வேத்து என்னும் ஸ்பானியரை 1553இல் எரித்தது சீர்திருத்த ஜெனீவா அன்றோ! கட்டாயம் என்னும் பாவம் ஒரே சபைக்கு உரியதன்று.

இரு அப்போஸ்தலர்

சதுக்கத்தின் மூலையில் நிற்கும் சிற்றாலயம் சந்தியாகோவின் பெயரால் ஆனது. நம் கடற்கரைக் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என அழைக்கும் யாக்கோபே அவர். ஸ்பெயினின் மரபில் அவர் வெண்குதிரையேறி வாளேந்தி இஸ்லாமியரை வெட்டி வீழ்த்தும் வீரராகச் சித்திரிக்கப்பட்டார். வேதம் காட்டும் யாக்கோபோ வேறு. சமாரியக் கிராமம் தம் ஆண்டவரை ஏற்காதபோது, வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கட்டளையிடலாமா என்று கேட்டு, அவரால் அதட்டப்பட்டவர் அவர் (லூக்கா 9:51-56). பின்னர் ஏரோதின் பட்டயத்தால் தாமே மாண்டவர் (அப்போஸ்தலர் 12:2). வாளால் மாண்டவரின் கையில் வாளைக் கொடுத்தது பிற்காலத் திருச்சபை.

மார்பெய்யா பணிந்த ஜூன் 11ஆம் நாளோ பரிசுத்த பர்னபாவின் திருநாள். ஆதலால் அவரே நகரின் காவலராகக் கொள்ளப்பட்டார். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அவர் பெயரால் திருவிழா நடக்கிறது. 'ஆறுதலின் மகன்' என்று பெயர் பெற்றவர் அவர். எருசலேமின் சீஷர்கள் சவுலை நம்பாமல் அஞ்சியபோது, அவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தவரும் அவரே (அப்போஸ்தலர் 9:26-27). புதிதாய் வந்தவனைச் சந்தேகித்த சபைக்கும் அவனுக்கும் நடுவே நின்ற மனிதர் அவர். மொரிஸ்கோவுக்குக் கிடைக்காமற்போன துணை அதுதான். பர்னபாவின் நாளை நகரம் எடுத்துக்கொண்டது. அவருடைய ஊழியத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஸ்பெயின் மக்களுக்குச் சமய உரிமையை உறுதி செய்தது. 1981இல் மார்பெய்யாவில் மீண்டும் ஒரு மசூதி கட்டப்பட்டது. 1992இல் ஸ்பானிய அரசு சீர்திருத்தச் சபையார், யூதர், இஸ்லாமியர் ஆகிய மூவரோடும் ஒரே ஆண்டில் உடன்படிக்கை செய்துகொண்டது. முன்னாளில் ஒரே விசாரணை மன்றத்தின் முன் நின்ற மூவர், இந்நாளில் ஒரே சட்டத்தின் நிழலில் நிற்கின்றனர். 2015இல், 1492இல் துரத்தப்பட்ட யூதரின் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை பெறும் வழி சிறிது காலத்துக்குத் திறக்கப்பட்டது. மொரிஸ்கோக்களின் வழித்தோன்றல்களுக்கு அத்தகைய சட்டம் பிறக்கவில்லை.

சதுக்கத்தை விட்டு எழும்போது அதன் பெயரையே நாம் எண்ணிப் பார்த்தோம். 'நரான்ஹா' என்னும் ஸ்பானியச் சொல் அரபியின் 'நாரஞ்ச்' என்பதிலிருந்து வந்தது. அது பாரசீகத்தின் வழியாக வடமொழியின் 'நாரங்கம்' என்பதோடு சேர்கிறது. அதன் வேர் திராவிட மொழிகளில் உள்ளதென்றும், நம் நாரத்தை அதற்கு உறவென்றும் மொழிநூலார் பலர் கருதுவர். நகர மன்றத்தில் அமரும் தலைவரின் 'அல்கால்தே' என்னும் பட்டமும் நீதிபதியைக் குறிக்கும் அரபுச் சொல்லே. அரபு மொழியை விலக்கிய அரசு, தன் அதிகாரிக்கு அம்மொழியிலன்றிப் பெயர் வைத்திருக்கவில்லை!

துரத்தப்பட்டவரின் சொல் துரத்தியவரின் நாவில் இன்றும் வாழ்கிறது. சபையின் எண்ணிக்கை பெருக வேண்டுமென்று விரும்பும் ஒவ்வொரு போதகரும் இச்சதுக்கத்தில் சிறிது நேரம் நிற்பது நலம். வேகா தெல் மாரின் ஆழமான தொட்டியையும் கிரனாதாவில் தெளிக்கப்பட்ட தண்ணீரையும் அவர் ஒருங்கே நினைப்பாராக. நாம் கொடுக்கும் ஞானஸ்நானத்துக்கு வருகிறவர் தாமாக இறங்குகிறாரா? இறங்கியவரைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துவர நம் சபையில் ஒரு பர்னபா இருக்கிறாரா?