கொழும்பு பேசிய வீடு



போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் கிடைத்தது. ரேடியோ வைத்திருக்கத் தபால் ஆபீசில் வருஷாவருஷம் பணம் கட்டினோம் என்றால் பேரன் நம்ப மறுக்கிறான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

முதலில் வரைபடம். (வகுப்பிலும் இப்படித்தான் ஆரம்பிப்பேன், ஞாபகம் இருக்கிறதா?) ராஜபாளையத்திலிருந்து நேர்கோடு போட்டால் சென்னை ஏறக்குறைய 500 கிலோமீட்டர். கொழும்பு 380தான்! பகலில் சென்னை நிலையம் எங்களுக்கு இரைச்சலோடு கேட்கும். கொழும்போ பக்கத்துத் தெருவில் பேசுவதுபோல் கேட்கும்.

தூரம் மட்டும் காரணமில்லை. இரண்டாம் உலகப்போரில் ராணுவ ஒலிபரப்புக்காகக் கொழும்புக்கு அருகே ஏகலைக்குக் கொண்டுவந்த 100 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர், போர் முடிந்தபின் இலங்கை வானொலிக்குக் கிடைத்தது. 1950-ல் அங்கே வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. இங்கே 1952-ல் மத்திய அமைச்சரான பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறதென்று ஆல் இந்தியா ரேடியோவில் அதை ஒதுக்கிவைத்தார். சங்கீதம் தெரிந்தவர், நல்ல எண்ணம்தான். ஆனால் பிடிக்காததையே நடத்திக்கொண்டிருந்தால் பையன் ஜன்னல் வழியே பக்கத்து வகுப்பைத்தானே கவனிப்பான்? ஜனங்கள் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். 1957-ல் விவித் பாரதி வந்தது, 1963-ல் திருநெல்வேலி நிலையம் வந்தது. அதற்குள் மயில்வாகனன் எங்கள் வீட்டு மனுஷர் ஆகிவிட்டார். பிறகு கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத். காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவோம்.

மார்கழியில் மட்டும் நம் நிலையம். ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர் கூப்பிடு தூரத்தில் இருக்க, திருப்பாவையை எம்.எல்.வசந்தகுமாரி குரலில் பெட்டிக்குள்ளிருந்து கேட்டுக் கும்பிட்டாள் பாட்டி.

பாட்டிக்குப் பாட்டில் பெரிய ஈடுபாடு கிடையாது. பெரியப்பா கொழும்பில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். "ஏலே, சத்தம் போடாதீங்க, உங்க பெரியப்பன் ஊரு பேசுது" என்பாள். ஊரின் குரல் தினமும் வந்தது. மகன் குரல் வரவில்லை.

1969 தீபாவளிக்கு அப்பா ஒரு டிரங்க் கால் பதிவு செய்தார். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை உண்டு. லைட்னிங் எட்டு மடங்கு கட்டணம், எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அப்பாவின் நண்பர் வீட்டில் காலையில் போய் உட்கார்ந்தோம். விளக்கு வைத்தபின் மணி அடித்தது. பாட்டி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியாப்பா?" என்று கத்தினாள். அந்தப் பக்கம், "என்னம்மா?" மறுபடி கத்தினாள். மறுபடி, "என்னம்மா?" கடலிரைச்சல் மாதிரி ஒரு சத்தம். மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது. நடந்தே வீட்டுக்கு வந்தோம். வழியில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

1974-ல் பெரியப்பா அங்கேயே இறந்துபோனார். தந்தி வந்து சேர்ந்தபோது காரியம் முடிந்திருந்தது. வீட்டில் யாரும் ரேடியோவைத் தொடவில்லை. பதினாறாம் நாள் கழிந்து பாட்டியேதான் சொன்னாள்: "அதைப் போடு. அவன் ஊரு பேசட்டும்."

தெருவுக்குத் தெரு மஞ்சள் போர்டு வைத்த எஸ்.டி.டி. பூத் வந்தபோது பாட்டி இல்லை. தந்தியையே 2013 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள்.

ரேடியோ பெட்டி இன்னும் இருக்கிறது, ஓடவில்லை. வால்வு செட் சரிபார்ப்பவர் யாராவது நம் பக்கம் இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள்.