தோட்டத்திற்கு வந்த ஒலிபெருக்கி வண்டி

அவசரகாலத்தில் (1948–1960) ஜொகூர்த் தோட்டப்புறங்களுக்குத் தகவல் இலாகாவின் வண்டிகள் வந்தன. திரைப்படம் காட்டின, தமிழிலும் அறிவித்தன. அரசின் பிரசாரந்தான், ஐயமில்லை.

அக்கால ஒலிபெருக்கிகள் வெற்றிடக் குழாய்களால் இயங்கின. அவற்றிற்கு நூற்றுக்கணக்கான வோல்ட் தேவை. வண்டி மின்கலமோ 6 அல்லது 12 வோல்ட்தான் தரும். எனவே மின்னழுத்தத்தை உயர்த்தும் கருவியோ தனி மின்னாக்கியோ வேண்டியிருந்தது.

1947இல் திரான்சிஸ்டர் பிறந்தது. பின்னர் 12 வோல்ட்டிலேயே இயங்கும் பெருக்கிகள் வந்தன. ஆனால் அழுத்தம் குறைந்தால் மின்னோட்டம் பெருகுமன்றோ? 240 வாட் இழுக்கும் பெருக்கிக்கு 20 ஆம்பியர்! ஆகவேதான் மகிழுந்தில் பெருக்கி பொருத்துவோர் மின்கலத்திலிருந்தே தடித்த செம்புக் கம்பியை நேராக இழுக்கின்றனர்.

அக்கம்பியில், மின்கலத்தின் அருகிலேயே உருகி இருத்தல் வேண்டும். பெருக்கியருகில் மட்டும் இருந்தால், இடைவழியில் உராய்ந்த கம்பி வண்டியின் இரும்பைத் தொட்டதும் தீப்பற்றக்கூடும். பெற்றோர்களே, பிள்ளைகள் ஏறும் வண்டியின் முன்மூடியைத் திறந்து, அவ்வுருகி இருக்கின்றதா என்று பாருங்கள்.