நாமக்கல் கோழிப் பண்ணைகளும் நமது குடிநீரும்

பெருமளவு நீரில் அசுத்தம் விழுந்தாலும், நிறம், சுவை, வாடை மாறாதவரை அது உளூவுக்கு ஆகும் என்று ஃபிக்ஹு நூல்களில் படிக்கிறோம். அதே நீர் பச்சிளம் குழந்தைக்குப் பால்மாவு கரைக்கவும் ஆகுமா? சேலம், நாமக்கல் வட்டாரக் குடும்பங்கள் இதைத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

பள்ளிச் சத்துணவுக்கும் கேரளாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் முட்டை அனுப்புவது நாமக்கல். பல்லாயிரம் குடும்பங்களின் ரிஸ்க் இந்தத் தொழிலில் உள்ளது. ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிராம் எச்சமிடும். 50,000 கோழிகள் உள்ள பண்ணையில் தினமும் 5 டன் சேரும்.

நீரில் கலப்பது எப்படி?

எரு நல்ல உரம்தான். ஆனால் திறந்த வெளியில் குவித்தாலும், பயிரின் தேவைக்கு மேல் வயலில் கொட்டினாலும், அதிலுள்ள நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறி மழைநீரோடு இறங்குகிறது. இங்கே பாறை நிலம். அதன் வெடிப்புகளில் தேங்கும் நீரைத்தான் போர்வெல்கள் இழுக்கின்றன. மேற்பரப்பில் ஓடும் கழிவு ஓடைகளில் சேர்கிறது. சேலம் நகரின் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் சுமந்துவரும் திருமணிமுத்தாறு, நாமக்கல் மாவட்டம் வழியாகவே காவிரியை அடைகிறது. நைட்ரேட்டுக்குக் கோழி எரு மட்டும் காரணமல்ல. ரசாயன உரமும் கழிவறைத் தொட்டிகளும் பங்காளிகள்.

கண்ணுக்குத் தெரியாத தீங்கு

நைட்ரேட்டுக்கு நிறமோ வாடையோ இல்லை. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர அளவு. மிகுந்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும். உதடும் விரல்நுனியும் நீலம் பாரிக்கும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். நைட்ரேட் போகாது, நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடும். சாதாரண வடிகட்டியும் பயன்படாது. ஆர்.ஓ. கருவி பெருமளவு நீக்கும்.

நாம் செய்ய வேண்டியது

வீடு, பள்ளிவாசல், மதரஸா போர்வெல் நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதிப்போம். முடிவு வரும்வரை, சோதிக்கப்பட்ட வேறு நீரைக் குழந்தைக்குப் பயன்படுத்துவோம். பண்ணை வைத்திருக்கும் சகோதரர்கள் எருவைக் கூரையின் கீழ், கெட்டித் தரையில் சேமிக்க வேண்டும், நீர்நிலையோரம் கொட்டக்கூடாது.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஊர் குடிக்கும் நீரில் டன் கணக்கில் கழிவு கலக்க விடுவது எப்படி ஆகுமாகும்? அல்லாஹ் நம்மைப் பாதுகாப்பானாக.