பாதுஷா முன் ஒரு சந்நியாசி

மதுராவுக்கு வேட்டையாடப் போன இடத்தில், தீர்த்த யாத்திரை வருபவர்களிடம் வரி வாங்குகிறார்கள் என்பது அக்பருக்குத் தெரியவந்தது. 1563இல் அதை ராஜ்யம் முழுவதும் நீக்கினார். ஆனால் ஒரு பாதுஷா நீக்கிய வரியை யாரும் திரும்பக் கொண்டுவரலாம். பேரன் ஷாஜகான் காலத்தில் காசியிலும் பிரயாகையிலும் அந்த வரி மறுபடி நடப்பில் இருந்தது.

தெற்கிலிருந்து மாதக்கணக்கில் நடந்து, கட்டிக்கொண்டு வந்த காசையெல்லாம் வழியிலேயே செலவழித்தவர்கள், தகப்பனுக்குப் பிண்டம் போடுவதற்கும் அரசாங்கத்துக்குப் பணம் கட்ட வேண்டும். இதைவிடக் கொடிய வரி எது?

கோதாவரிக் கரையில் பிறந்து காசியில் குடியேறிய கவீந்திராசாரிய சரஸ்வதி என்ற சந்நியாசி, இந்த வரியை எடுக்கச் சொல்லி ஷாஜகானிடம் முறையிட்டார். துணிச்சலான காரியம்தான். காசிப் பகுதியில் 76 கோயில்கள் இடிக்கப்பட்டதை அந்தப் பாதுஷாவின் அரசவை வரலாறே பதிந்திருக்கிறது.

முறையீடு பலித்தது; வரி நீங்கியது. பண்டிதர்கள் சம்ஸ்கிருதத்தில் அவரைப் பாடிய பாராட்டுகள் ‘கவீந்திர சந்திரோதயம்’ என்றும், பிரஜ் மொழிக் கவிஞர்கள் பாடியவை ‘கவீந்திர சந்திரிகா’ என்றும் தொகுக்கப்பட்டன. அரசவையின் பாரசீகக் குறிப்புகளிலோ அவர் துருபத் என்னும் இசை வகையில் பிரஜ் மொழிப் பாடல் இயற்றிப் பரிசு வாங்கிய சந்நியாசியாகத்தான் தென்படுகிறார். எனக்கு இரண்டும் ஒரே கதையாகப் படுகிறது. பாதுஷா ரசித்துக் கேட்கும் மொழியில் பாடத் தெரிந்ததால்தான், மற்றவர்களுக்குத் திறக்காத கதவு அவருக்குத் திறந்திருக்க வேண்டும். சாஸ்திரம் மட்டும் அவரை அவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்காது.

காசிப் பண்டிதர் ஒருவருக்கு ஷாஜகான் 2,000 ரூபாய் மானியம் கொடுத்ததாகவும், ஔரங்கசீப் பட்டத்துக்கு வந்ததும் அதை நிறுத்தியதாகவும் பிரெஞ்சுப் பயணி பெர்னியர் எழுதுகிறார். பெயர் சொல்லவில்லை. அந்தப் பண்டிதர் கவீந்திரரே என்று வாதிட்டவர் ஆய்வாளர் பி.கே.கோடே. மானியம் போன பிறகு அந்தப் பண்டிதர் தில்லிப் பிரபு தானிஷ்மந்த் கானை அண்டி வந்தார். பெர்னியருடனும் நெருங்கிப் பழகினார். கவீந்திரர் சுவடி சேர்ப்பவரும்கூட; அவர் காசியில் சேர்த்த சுவடிகளின் பட்டியல் 1921இல் பரோடாவில் அச்சேறியது. அதில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள்!

யாத்திரை வரி மட்டும் ஓயவில்லை. பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனியும் பிரயாகை, கயை, பூரி மூன்றிலும் அதை வசூலித்தது. 1840இல்தான் சட்டம் போட்டு அதை நீக்கியது.