குளங்களை ஆராய்ந்த பேரறிஞர் ஹட்சின்சன்

கடலை ஆராய்ந்தோர் பலரை உலகம் அறியும். குளத்தையும் குட்டையையும் ஆராய்வதற்கே தம் வாழ்நாளை ஒப்படைத்தோரை அறிந்தவர் சிலரே. அத்தகையோருள் தலைசிறந்தவர் ஜார்ஜ் ஈவ்லின் ஹட்சின்சன் என்பார். அவர் வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இவர் 1903ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தையார் கனிப்பொருள் நூலில் வல்லுநர். பதினைந்து வயதிலேயே, நீரில் நீந்திய வெட்டுக்கிளியொன்றைப் பற்றிக் குறிப்பெழுதி அச்சேற்றிய சிறுவர் இவர். கேம்பிரிட்ஜில் விலங்கு நூல் கற்றுத் தேறி, இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் சிலகாலம் ஆராய்ச்சி செய்தார். 1926இல் தென்னாப்பிரிக்கா சென்று, ஜோகன்னஸ்பர்க் நகரத்துச் சர்வகலாசாலையில் ஆசிரியராக அமர்ந்தார்.

ஆங்கேதான் அவருக்குச் சோதனை வந்தது. மாணவர்க்குப் பாடஞ் சொல்லும் பொறுப்பினின்று அவரை நீக்கிவிட்டனர். மற்றொருவராயின் மனமுடைந்து ஊர் திரும்பியிருப்பார். இவரோ கிடைத்த ஓய்வைப் பயனாக்கி, மனைவியார் கிரேஸ் பிக்ஃபோர்டு அம்மையாருடன் அந்நாட்டின் ஆழமற்ற ஏரிகளை ஆராயத் தொடங்கினார். அன்று பற்றிய நீராராய்ச்சி அவரை இறுதிவரை விட்டகலவில்லை.

1928இல் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் சேர்ந்து, 1971 வரை அங்கேயே பணியாற்றினார். 1932இல் யேல் அனுப்பிய ஆராய்ச்சிக் குழுவினருடன் லடாக் சென்று, சுமார் 14,000 அடி உயரத்திலும் அதற்கு மேலும் உள்ள ஏரிகளில் நீரையும் உயிர்களையும் ஆராய்ந்தார். ஆயினும் அவருக்குப் பெரும்புகழ் தந்தது யேலுக்கருகிலுள்ள லின்ஸ்லி என்னும் சிறு குளமே. 1946இல் கதிர்வீசும் பாஸ்பரத்தை அக்குளத்திலிட்டு, அது மேல்நீரிலிருந்து ஆழ்நீருக்குச் செல்லும் வழியைத் தொடர்ந்து கண்டார். குளமென்பது தேங்கிய நீரன்று. பொருள்கள் ஓயாது சுழலும் ஓர் உலகம் என்பது இதனால் விளங்கிற்று.

சிசிலித் தீவில் ஒரு குகைக்கோயிலின் அடியிலுள்ள குட்டையில் இருவகை நீர்ப்பூச்சிகளைக் கண்டார். ஏன் இரண்டு? இருபதோ இருநூறோ ஏன் இல்லை? உலகில் இத்தனை வகை உயிர்கள் இருப்பதேன்? 1959இல் வெளியான கட்டுரையில் அவர் எழுப்பிய இவ்வினா அறிஞர் பலரை ஆராய்ச்சியில் ஈடுபடுத்தியது.

இளைஞரை அவர் பேணிய விதம் இன்னும் போற்றத்தக்கது. ரேமண்ட் லிண்டமன் என்னும் இளைஞர், ஓர் ஏரியின் உயிர்களிடையே ஆற்றல் கைம்மாறுவதைக் கணக்கிட்டுக் கட்டுரை எழுதினார். மதிப்பிட்டோர் அது வேண்டாமென்றனர். ஹட்சின்சன் பத்திராதிபருக்கு எழுதி வாதாடினார். 1942இல் கட்டுரை வெளிவந்தது. ஆனால் அதற்கு முன்பே, இருபத்தாறு வயதிலேயே, லிண்டமன் மாண்டார். அக்கட்டுரையோ இன்று அத்துறைக்கு அடிப்படையாக விளங்குகின்றது.

பாடஞ் சொல்ல வேண்டாமென விலக்கப்பட்டவர், ஒரு தலைமுறை விஞ்ஞானிகளுக்கு ஆசானானார். டாக்டர் பட்டத்திற்குத் தாம் படியாமலே, பலர் அப்பட்டம் பெற வழிகாட்டினார். 1957இல் தொடங்கி வெளிவந்த அவரது நீர்நிலை நூலின் நான்காம் பகுதி, 1991இல் அவர் மறைந்த பின்னரே அச்சாயிற்று.

ஒருவர் தந்த தீர்ப்பு நம் அறிவிற்கு எல்லையாகாது. காலடியிலுள்ள குட்டையையும் ஏன் என்று கேட்டு நோக்குவோர்க்கு அதுவே பெரும் பள்ளியாகும். பிள்ளைகள் குட்டையோரம் குனிந்து எதையேனும் உற்றுநோக்கி நின்றால், பெற்றோர் அதட்டி அழையாதிருப்பாராக!