இத்தாலியப் பழம்பொருள் வணிகச் சொற்கள்

இத்தாலியில் பழம்பொருள் வணிகரை 'அந்திக்குவாரியோ' என்பர். அவர் பேச்சில் முதலில் மயங்க வைப்பவை நூற்றாண்டுப் பெயர்கள். 'செத்தெச்செந்தோ' என்ற சொல்லுக்கு எழுநூறு என்று பொருள். அதில் ஆயிரம் தொக்கி நிற்கிறது. ஆகவே அது 1700களை, அதாவது 18ஆம் நூற்றாண்டைக் குறிக்கும். இவ்வாறே 'செய்ச்செந்தோ' 1600களையும், 'ஒத்தொச்செந்தோ' 1800களையும் குறிக்கும்.

பாணிகளின் பெயர்களில் வரலாறு பதிந்துள்ளது. பிரான்சின் பதினாறாம் லூயி மன்னர் பெயரால் அமைந்தது 'லுயீஜி செதிச்சி'. நெப்போலியன் காலப் பாணி 'இம்பேரோ', அதாவது பேரரசு. 1900ஐ ஒட்டிப் பரவிய, கொடிபோல் வளையும் கோடுகள் கொண்ட பாணி 'லிபர்ட்டி' எனப்படுகிறது. 1875இல் இலண்டனில் தொடங்கப்பட்ட ஒரு கடையின் பெயரே இது. 1902இல் துரின் நகரில் நடந்த பன்னாட்டு அலங்காரக் கலைக் கண்காட்சி இப்பாணியை இத்தாலியில் பரப்பியது.

மிலான் அருகே பராபியாகோவில் வாழ்ந்தவர் ஜுசெப்பே மஜ்ஜொலினி (1738–1814). பல நிற மரத்துண்டுகளைப் பதித்து உருவங்கள் அமைக்கும் 'இந்தார்சியோ' வேலையில் வல்லவர். அவரைப் பின்பற்றிப் பிறர் செய்த இழுப்பறைப் பெட்டிகளும் 'மஜ்ஜொலினி' என்றே வழங்கலாயின. எனவே பெயரை மட்டும் நம்பி விலை பேசுதல் தவறு.

இங்குதான் இரண்டு சொற்கள் உதவுகின்றன. 'தேப்பொக்கா' என்றால் அந்தக் காலத்திலேயே செய்யப்பட்டது. 'இன் ஸ்தீலே' என்றால் அந்தப் பாணியில் பிற்காலத்தில் செய்யப்பட்டது. பின்னது போலி அன்று. ஆனால் விலையில் பெரும் வேறுபாடு உண்டு. வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி: "எ தேப்பொக்கா, ஓ இன் ஸ்தீலே?" அக்காலத்ததா, அப்பாணியதா என்பது இதன் பொருள். கிடைக்கும் விடையை எழுத்தில் பெறுவது நன்று.