மலையும் ஏடுகளும்

ஏற்காட்டுக்கு வரும் பயணிகளின் கையில் காணப்படும் வழிகாட்டி நூல்கள் பலவற்றில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறுகிறது. சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1842ஆம் ஆண்டில் இம்மலையைக் கண்டுபிடித்தார் என்பது அச்செய்தி. ஆனால் மன்றோ 1827ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள் பட்டிக்கொண்டாவில் வாந்திபேதி கண்டு உயிர்நீத்தவர். இறந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து அவர் சேர்வராயன் மலைமேல் ஏறி வந்தார் என்று நம்ப வேண்டுமானால், அதற்கு விசுவாசக் கோட்பாடு ஒன்றைப் புதிதாக வரையறுக்கத்தான் வேண்டும்!

ஒருவர் எழுதியதை மற்றொருவர் பார்த்து எழுதினார். அதைப் பார்த்து மூன்றாமவர் எழுதினார். ஒருவரேனும் மன்றோ எப்போது இறந்தார் என்று பார்க்கவில்லை. இதனால்தான் வரலாற்றாசிரியர்கள் முதன்மைச் சான்றுகளுக்குச் செல்லுங்கள் என்று ஓயாமல் வற்புறுத்துகின்றனர். நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே, அதில் பங்குகொண்டவரோ அதைக் கண்டவரோ விட்டுச் சென்ற கடிதம், பதிவேடு, கணக்கு, கல்வெட்டு, கருவி ஆகியவையே முதன்மைச் சான்றுகள். தூய லூக்காவும் தம் நற்செய்தியின் முகப்பில், தொடக்கமுதல் கண்ணால் கண்டவர்கள் ஒப்படைத்தவற்றை முறையாக ஆராய்ந்து எழுதுவதாகவே கூறுகிறார். குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்ற நாளில் இதையெல்லாம் நாம் மனப்பாடமாகச் சொல்லித் தேர்வில் மதிப்பெண் பெற்றதுண்டு. ஆயினும் அதன் மறுபக்கத்தை நமக்குக் கற்பித்தவர் நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி. அவரைப்பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

மன்றோவை முற்றிலும் ஒதுக்கிவிடவும் இயலாது. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாரமகாலும் கும்பினியார் கைக்கு வந்தன. அவற்றை ஆள அனுப்பப்பட்ட கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் உதவியாளர்களுள் மன்றோ ஒருவர். அவர்கள் தயாரித்த பாரமகால் ஆவணங்கள் பிற்காலத்தில் பகுதி பகுதியாக அச்சேறின. நிலம், நீர், பயிர், தொழில், சாதி என அன்றைய சேலத்தைப்பற்றி அவற்றைப்போல் விரிவாகப் பேசும் ஏடு வேறில்லை. ஆனால் அவை எதற்காக எழுதப்பட்டன? வரி விதிப்பதற்காக. எவ்வளவு விளையும், எவ்வளவு வாங்கலாம் என்ற கேள்விக்கு விடை தேடிய கண்கள் அவை. வரி கொடுக்க இயலாதவன் அக்கண்களுக்கு எளிதில் புலப்படுவதில்லை.

கண்டுபிடித்தல் என்ற சொல்லையும் சற்று நோக்குவோம். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இங்குக் காப்பிச் செடியை நட்டுத் தோட்டத் தொழிலுக்கு வித்திட்டார் என்பது ஏற்கத்தக்க வரலாறு. ஆனால் அவர் வருமுன் மலை வெறுமையாய்க் கிடக்கவில்லை. தொல்லியலறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபுட் தம் பிற்காலத்தை ஏற்காட்டிலேயே கழித்தவர். இம்மலைகளில் அவர் திரட்டிய மெருகேற்றிய கற்கோடரிகள் புதிய கற்காலத்தைச் சேர்ந்தவை. அத்தகைய கற்கள் சில, மலையாளி என்று தம்மை அழைத்துக்கொள்ளும் மலைவாழ் தமிழ் மக்களின் சிறு கோயில்களில் வணக்கத்துக்குரியனவாய் வைக்கப்பட்டிருந்தன. ஆய்வாளருக்குக் கருவியாகத் தோன்றியது, அதை எடுத்து வைத்தவருக்குத் தெய்வத் தொடர்புடையதாய் இருந்தது. 1904இல் ஃபுட்டின் திரட்டு சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. கல் பத்திரமாக இருக்கிறது. அதை வணங்கியவர் மனம் என்ன நினைத்தது என்பதைக் கண்ணாடிப் பேழைக்குள் வைக்க எவராலும் இயலவில்லை.

அம்மலையாளி மக்களோ தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்கின்றனர். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது அவர்தம் மரபுரை. 1883இல் வெளிவந்த லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடும், 1909இல் ஏழு தொகுதிகளாய் வந்த எட்கர் தர்ஸ்டனின் நூலும் இத்தகைய மரபுரைகளைப் பதிந்து வைத்துள்ளன. இவற்றை முதன்மைச் சான்று எனலாமா? காஞ்சியிலிருந்து குடிபெயர்ந்தது பற்றி எனில், ஆகா. பதிந்தவர் எவரும் அதைக் கண்டவரல்லர். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மக்கள் தம்மைப்பற்றி என்ன எண்ணினர், எந்த ஊரோடு தம்மைப் பிணைத்துக்கொள்ள விழைந்தனர் என்பதற்கு அவை முதன்மைச் சான்றே. ஒரே ஏடு ஒரு கேள்விக்கு முதன்மையானது, மறு கேள்விக்குச் செவிவழிச் செய்தி. ஏட்டைப் பார்த்தவுடன் நாம் கேட்க வேண்டியது, "இது உண்மையா?" என்பதற்கு முன், "இது எதைப்பற்றிய சாட்சி?" என்பதாகும்.

இவ்விடத்தில் கடல்கடந்து பிலிப்பைன்ஸ் நாட்டை நினைத்துப் பார்ப்பது நலம். ஆசியாவிலேயே கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் நாடு அது. நம் மலைமக்களைப் போலவே, தம் பழைய வரலாற்றைப் பெரும்பாலும் அந்நியர் எழுதிய ஏடுகள் வழியாகவே தேட வேண்டிய நிலையில் இருப்பவர்கள் அம்மக்கள். 1521ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31ஆம் நாள், பாஸ்கா ஞாயிறன்று, மகெல்லனின் குழுவினர் அங்குத் திருப்பலி ஒப்புக்கொடுத்தனர். உடனிருந்த இத்தாலியர் பிகபெத்தா அவ்விடத்தின் பெயரை மசாவா என்று குறித்தார். அவர் கைப்பட எழுதிய மூலம் கிடைக்கவில்லை. நான்கு படிகளே எஞ்சின. அவ்விடம் லிமசாவாத் தீவா, புத்துவான் நகரா என்று அந்நாட்டார் நெடுங்காலம் வழக்காடினர். 2020இல் அந்நாட்டுத் தேசிய வரலாற்று ஆணையம் லிமசாவா என்றே மீண்டும் உறுதிசெய்தது. கண்கண்ட சாட்சி ஒருவர் எழுதி வைத்தும் இந்த நிலை!

அதைவிட வருந்தத்தக்கது கலந்தியாவ் சட்டத்தின் கதை. 1433இல் ஒரு குறுநிலத் தலைவர் இயற்றியது என்று பள்ளி நூல்களில் கற்பிக்கப்பட்ட அச்சட்டத் தொகுப்பு, இருபதாம் நூற்றாண்டில் ஹோசே மார்கோ என்பவர் நூலகத்துக்குக் கொடுத்த போலி ஏடுகளிலிருந்து வந்தது. வில்லியம் ஹென்றி ஸ்காட் என்னும் ஆய்வாளர் 1968இல் மணிலாவின் தூய தோமா பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் அதன் பொய்மையை வெளிப்படுத்தினார். தமக்கும் பழம்பெருமை உண்டு என்று காட்டத் தவித்த மக்கள், தாமே விரும்பிய ஏட்டை ஆராயாது ஏற்றனர். தமிழராகிய நமக்கும் இது புதிய நோயன்று.

ஆனால் ஸ்காட் போலியை உடைத்ததோடு நிற்கவில்லை. அந்நியர் ஆவணங்களை ஒரு தோல் திரைக்கு ஒப்பிட்டார். அத்திரையில் பிளவுகள் உண்டு, எழுதியவர் எண்ணாத இடத்தில் அப்பிளவுகள் வழியே அம்மண்ணின் மக்கள் தென்படுவர் என்றார். அவருக்கு முன்பே ஹோசே ரிசால், மோர்கா என்னும் இஸ்பானிய அதிகாரி 1609இல் வெளியிட்ட நூலை இலண்டனில் இருந்து படியெடுத்து, தம் மக்கள் சார்பில் குறிப்புகள் எழுதி 1890இல் பாரிசில் வெளியிட்டார். ஆண்டவர் எழுதியதை ஆளப்பட்டவர் ஓரக்குறிப்போடு திரும்ப அச்சிட்டது அது.

இதே கண்ணோடு நம் மறைமாவட்டத்தின் பழங்கதைக்கு வருவோம். சேலம் மறைமாவட்டம் 1930இல் நிறுவப்பட்டது என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால் மறைத்தூது இங்கு வந்தது அதற்கு முந்நூறு ஆண்டுகள் முன்னர். தத்துவ போதகர் என்று தமிழர் போற்றும் இராபர்ட் தே நொபிலி 1623இல் மதுரையிலிருந்து வடக்கே புறப்பட்டார். சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கரின் வரவேற்பைப் பெற்றுப் பின் சேலம் அடைந்தார். சேலத்து ஆட்சியை இழந்திருந்த திருமங்கல நாயக்கர் 1625இல் அவரிடம் திருமுழுக்குப் பெற்றார். இவையனைத்தும் இயேசு சபையினர் எழுதிய மடல்களால் நாம் அறிவன. பெர்த்ராந்து அடிகளார் 1847 தொடங்கி நான்கு தொகுதிகளாகப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டவை அவற்றுட் சிறந்தன. மதுரை நாயக்கர் வரலாற்றை 1924இல் எழுதிய சத்தியநாத ஐயர் அம்மடல்களைப் பெரிதும் சார்ந்து நின்றார். கிறிஸ்தவரல்லாத அறிஞரும் அவற்றின்றி நாயக்கர் காலத்தை எழுத இயலவில்லை என்பது நமக்குப் பெருமையே.

பெருமைக்கு அப்பால் ஒன்றைக் கூற வேண்டும். அம்மடல்கள் மேலாளருக்கும் ஐரோப்பாவின் பக்தர்களுக்கும் எழுதப்பட்டவை. வாசிப்போர் உள்ளம் உருக வேண்டும், ஆள்களும் உதவியும் வரவேண்டும் என்ற கருத்தும் அவற்றுள் உண்டு. ஆகவே அரசனின் தமையன் பெயரோடு வருகிறார். அவரோடு அதே தண்ணீரால் திருமுழுக்குப் பெற்ற ஏழைகள் பெரும்பாலும் தொகையாகவே வருகின்றனர். மேலும், தமிழில் நிகழ்ந்த உரையாடலை ஐரோப்பிய மொழியில் குருக்கள் எழுதினர், அது பிரெஞ்சாயிற்று, அதை ஆங்கிலத்தில் படித்து மீண்டும் தமிழில் நாம் எழுதுகிறோம். மூன்று ஆறுகளைக் கடந்துவந்த உப்பு எவ்வளவு மிஞ்சுமோ அவ்வளவே அந்த மூதாதையரின் சொந்தச் சொல் நம்மிடம் மிஞ்சியுள்ளது.

இனி அம்மூதாட்டி. மலைப்பங்கு ஒன்றில் நாம் பணியாற்றிய காலத்தில், வீட்டுமனைப் பட்டாவுக்கு விண்ணப்பித்திருந்த அவர், தம் தந்தையின் பெயருக்குச் சான்று கேட்டு வந்தார். மூன்று தலைமுறையாகத் தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்த குடும்பம். கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

"சாமி, எங்கப்பன் பேரு கோயில் பொஸ்தகத்துல இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

இருந்தது. திரிதெந்து சங்கம் 1563இல் திருமணத்துக்கும் திருமுழுக்குக்கும் பதிவேடு வைக்கப் பணித்ததன் பயனை, அன்று அப்பழைய ஏட்டின் செல்லரித்த தாள்களைப் புரட்டியபோது உணர்ந்தோம். அரசும் தோட்டமும் எண்ணாக மட்டுமே கண்ட ஒரு தொழிலாளியை, திருச்சபை பெயர் சொல்லி, பெற்றோர் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் சேர்த்து எழுதி வைத்திருந்தது. ஆனால் எழுதியவர் இலத்தீனில் எழுதியிருந்தார். ஏட்டில் இருந்த பெயர் பவுலுஸ். வீட்டில் அவர் சின்னப்பன். நம் முன்னோர் தூய பவுலைச் சின்னப்பர் என்று அழைத்தவர்கள் ஆதலால் நமக்கு இதில் ஐயமில்லை. தோட்டத்துச் செக்ரோலிலோ அவர் சின்னான். அப்பன் என்ற மதிப்பு, கூலிக் கணக்கு எழுதியவரின் பேனாவில் உதிர்ந்துவிட்டிருந்தது. மூன்றும் முதன்மைச் சான்றுகள். மூன்றும் அவர் உயிரோடிருந்த காலத்தில் எழுதப்பட்டவை. அவர் தம்மை எவ்வாறு அழைத்துக்கொண்டாரோ அது மூன்றில் ஒன்றிலும் இல்லை. மகளின் வாயில் மட்டுமே இருந்தது.

விண்ணப்பத்தை ஆய்ந்த அலுவலகம் இவர்களை மூன்று வெவ்வேறு ஆள்களாகக் கண்டு இருமுறை திருப்பி அனுப்பியது. "பேரு மூணா இருந்தாலும் ஆளு ஒருத்தருதானுங்களே சாமி" என்றார் மூதாட்டி. திருமணப் பதிவேட்டில் அதே பவுலுஸ் பெயரின் அருகே சின்னப்பன் என்று எவரோ ஒரு குரு தமிழில் குறித்திருந்ததைக் கடைசியில் கண்டோம். முறைப்படி தேவையற்ற அந்த ஒரு சொல்லை எழுதிய கைக்கு அன்று மனத்தால் நன்றி கூறினோம். மூன்றாம் முறை விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

அதன் பிறகு அவரை அமர்த்தி, அவர் குடும்பம் மலைக்கு வந்த கதையைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினோம். பாட்டன் எவ்வாறு மேஸ்திரியோடு நடந்தே மலையேறினார், காப்பிக்காட்டில் முதல் மழையில் எத்தனை பேர் காய்ச்சலில் விழுந்தனர், ஞாயிறு பூசைக்கு எத்தனை கல் நடந்தனர் என்றெல்லாம் கூறினார். முடிந்ததும், "படிச்சுக் காட்டுங்க சாமி" என்றார். படித்தோம். முதல் வரியிலேயே கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வறுமையினால மலைக்கு வந்தாங்கன்னு நான் சொல்லலீங்களே?"

உண்மைதான், அவர் அவ்வாறு கூறவில்லை. பண்ணைக்காரர் முன் தோள்துண்டை எடுக்க மறுத்து, சண்டையிட்டுக்கொண்டு, அன்றிரவே பாட்டன் ஊரை விட்டுக் கிளம்பினார் என்றே கூறியிருந்தார். தோட்டத் தொழிலாளர் என்றதும் வறுமை என்று நம் கை தானாகவே எழுதிவிட்டிருக்கிறது. அவ்வரியை அடித்துவிட்டு, அதற்கு மேலே அவர் சொன்னபடியே, அவருடைய சொல்லிலேயே எழுதினோம். குறிப்பேடு இன்றும் நம்மிடம் உள்ளது. அடித்த வரியும் அப்படியே தெரிகிறது.